ரேமுக்குப் பணம் கட்டும் முன் மதர்போர்டின் முழுப் பெயரைப் படியுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் கணினி அசெம்பிள் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும் எனக்குப் பதினைந்து ஆண்டுத் தொழில். சென்ற ஆண்டு கத்திரி வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை, பிளஸ் டூ முடித்த மகனையும் ஒரு சிபியூவையும் அழைத்துக்கொண்டு வந்தார். சீட்டு எடுத்த பணம். பாகங்களை மகனே ஆன்லைனில் ஒவ்வொன்றாக விலை பார்த்து வாங்கியிருந்தான். கடைசியில் வந்த ரேம் ஸ்லாட்டில் உட்காரவில்லை என்று கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஸ்லாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தடுப்பு பிளந்து, அதையொட்டிய பின்கள் வளைந்து கிடந்தன. மதர்போர்டு டிடிஆர்4 என்ற முந்தைய தலைமுறை ரேமுக்கு உரியது; கையில் இருந்தது அடுத்த தலைமுறையான டிடிஆர்5.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் நீளம் ஒன்றுதான், பின்களும் 288தான். அடி விளிம்பில் உள்ள வெட்டு மட்டும் சற்று இடம் மாறி, டிடிஆர்5 ரேமில் நடுப்புள்ளிக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்களுக்கு அது கண்ணில் படாது. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் இரு வகை ரேமையும் ஏற்கும் என்பதால், எச்610, பி660, பி760 சிப்செட்டுகளில் (போர்டின் திறனைத் தீர்மானிக்கும் முக்கியச் சிப்) ஒரே மாடல் போர்டு இரண்டு வடிவங்களில் விற்கப்படுகிறது. பெயரின் கடைசியில் டிடிஆர்4 என்றோ டி4 என்றோ ஒட்டியிருக்கும் சிறு குறிதான் வேறுபாடு. ஏஎம்டியில் இந்தக் குழப்பம் இல்லை. ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) என்றால் டிடிஆர்4 மட்டுமே, ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டுமே.

எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது கிராபிக்ஸ் கார்டைப் பற்றி, அடுத்து ப்ராசஸர், போர்டையும் ரேமையும் மிச்சப் பணத்தில் முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. விலைப்பட்டியலில் அவை இரண்டு வரிகளாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான், சேர்த்தே எடுக்க வேண்டும் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். எச்610 போர்டு வாங்கிவிட்டு, 3600 வேக டிடிஆர்4 ரேமுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் அந்தப் பணம் வீண். அந்தச் சிப்செட்டில் டிடிஆர்4 ரேம் 3200க்கு மேல் ஓடாது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை ப்ராசஸர்களுக்கும் நிறுவனம் அறிவித்துள்ள வேகம் 3200தான். ஏஎம்4 சாக்கெட் உள்ள பி550 போர்டில் 3600 பெரும்பாலும் ஓடினாலும், குறைந்த பட்ஜெட்டில் அந்த வித்தியாசத்துக்குச் செலவழிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

குடியாத்தம் தம்பியின் போர்டில் இருந்தவை இரண்டே ஸ்லாட்டுகள். உடைந்ததை விட்டுவிட்டு மற்றொன்றில் 16 ஜிபி டிடிஆர்4 போட்டுக் கொடுத்தேன். கணினி ஓடுகிறது, ஆனால் ஒற்றைச் சேனலில், அதாவது ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே ஒரே பாதையில். ஒரு 3200 ரேம் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவைக் கடத்தும். அதே போன்ற இரண்டை ஜோடியாகப் போட்டால் 51.2 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் இந்தக் குறை ஓரளவு தாங்கக்கூடியது. ரைசன் 5 5600ஜி போல ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் உள்ள கணினியிலோ, கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கிட்டுக்கொள்கிறது என்பதால், ஒற்றை ரேம் விளையாட்டையே திணறவைக்கும். ஆகவே 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

சரியான ரேமைச் சரியான ஸ்லாட்டில் போட்ட பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவர், விளையாட்டு நடுநடுவே தடுக்குகிறது என்று வந்தார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தேன். 3200 ரேம் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. போர்டின் அடிப்படை நிரலான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை யாரும் இயக்கவில்லை. இரண்டு நிமிட வேலைதான். ஓராண்டாக அவர் கொடுத்த விலையின் பலனை அனுபவிக்காமலே இருந்திருக்கிறார்.

பயாஸ் என்றதும் பழைய போர்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏஎம்4 சாக்கெட் உள்ள பி450 வந்தது 2018இல். ரைசன் 5000 ப்ராசஸர்கள் 2020 நவம்பரில்தான் வந்தன. செகண்ட் ஹேண்டில் பி450 வாங்கினால், பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டு, முடிந்தால் இயக்கிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். இல்லையென்றால் பழைய பயாஸ் புதிய ப்ராசஸரை அடையாளம் காணாது, திரையே வராது. புதுப்பிக்க இன்னொரு பழைய ப்ராசஸரைத் தேடி அலைய வேண்டும். வீட்டில் புதுப்பிப்பவர்கள் யூபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. பாதியில் மின்சாரம் போனால் போர்டே முடங்கிப்போகலாம்.

வேலூரை வெயிலூர் என்று நாமே சொல்கிறோம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் மணிக்கணக்கில் விளையாடும் கணினிக்கு, ப்ராசஸருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியின் மேல் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) உள்ள போர்டையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். ஆறு கோர், 65 வாட் ப்ராசஸர் என்றால் ஹீட்சிங்க் இல்லாத போர்டும் சமாளிக்கும். பின்னாளில் எட்டு கோருக்கு மாறும் எண்ணமிருந்தால் வேண்டாம்.

2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. ஏஐ தரவு மையங்களுக்கு மெமரி சிப்கள் பெருமளவில் போவது அதற்கு முக்கியக் காரணம். விலை ஏறியதும் மலிவு ரேம்களின் நடமாட்டம் கூடிவிட்டது. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு வகை ரேம் அதிக ஜிபியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்; பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்; சாதாரண போர்டில் இயங்காது. பெயரில்லாத ரேமையும், சீரியல் எண் எழுதாத பில்லையும் ஏற்காதீர்கள். வாரண்டி கேட்கப் போகும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். பழைய ரேம் வாங்கியே தீர வேண்டியிருந்தால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிடிஆர்5 கணினியை முதன்முறை இயக்குபவர்களுக்கு ஒன்று. ரேமை அளந்து பழகிக்கொள்ள அந்தப் போர்டுகளுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும், ஃபேன் மட்டும் சுற்றும். பழுது என்று பயந்து பவரை அணைத்து அணைத்துப் போட்டுவிட்டு ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. பத்து நிமிடமாவது கை வைக்காமல் காத்திருங்கள். அதற்குப் பிறகும் திரை வராவிட்டால், ஒரே ஒரு ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.