டூகோ: பட்டறையில் புழங்கும் ஒரு பழைய பெயர்

டிங்கரிங் பட்டறையில் ‘டூகோ அடிக்கணும்’ என்றால் ஸ்ப்ரே கன்னில் பளபளவென்று பெயிண்ட் அடிப்பது என்றுதான் பொருள். டப்பாவுக்குள் இருப்பது எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. அலமாரிக் கதவுக்குக்கூட டூகோ உண்டு. ஆனால் பழைய அமெரிக்கக் கார்களைச் சேகரிப்பவர் ‘கம்பெனியிலேயே அடித்த டூகோ’ என்றால், அவர் சொல்வது ஒரே ஒரு சரக்கை: நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அதாவது கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிடும் ஒரு பூச்சு.

டூகோ ஒரு வணிகப் பெயர். வைத்தது டூபாண்ட் நிறுவனம்; அந்த ‘டூ’ எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன் கார்களுக்குப் பூசியது, குதிரை வண்டிக்குப் பூசிய அதே எண்ணெய் வார்னிஷ்தான். ஒரு பூச்சு காய வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். வண்டி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை சூட்டில் உலர்த்திய கறுப்பு எனாமலிலேயே ஓடியது.

டூபாண்டின் பரம்பரைத் தொழில் வெடிமருந்து. பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் நனைத்தால் கிடைப்பது நைட்ரோசெல்லுலோஸ். அதன் ஒரு வகை வெடிபஞ்சு, இன்னொன்று சினிமா ஃபிலிம். அதைக் கரைத்துக் காரில் பூசலாமே என்றால், கரைசல் பாகு மாதிரி இருக்கும். நீர்க்கவிட்டால் படலம் காற்றாடித்தாள் கனத்தில்தான் நிற்கும். பாகுத்தன்மை குறைந்த வகை கைக்கு வந்தபின்தான் வழி பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார், 1924 மாடலாக, ‘ட்ரூ ப்ளூ’ என்ற நீலத்தில் டூகோ பூசி வந்தது. கரைப்பான் ஆவியானால் போதும், பூச்சு காய்ந்துவிடும். வாரக்கணக்கு மணிக்கணக்கானது, நிறங்களும் பெருகின.

எல்லாப் பழைய அமெரிக்கக் காரிலும் இருப்பது டூகோ அல்ல. ஃபோர்டும் கிரைஸ்லரும் பின்னாளில் பெரும்பாலும் எனாமல் பக்கம் போயின. லாக்கரை விடாத ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் பிற்பாதியில், நைட்ரோசெல்லுலோஸுக்குப் பதில் அக்ரிலிக் பிசின் சேர்த்த அக்ரிலிக் லாக்கருக்கு மாறியது. 1965 மாடலைக் காட்டி ‘ஒரிஜினல் டூகோ’ என்று ஒருவர் விலை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். காரின் உடலில் அடித்திருக்கும் தகட்டில் நிறக்குறி இருக்கும்தான். அது ஆலையில் அடித்த நிறத்தைச் சொல்லுமே தவிர, இப்போது மேலே இருப்பது அதே பூச்சா என்று சொல்லாது. மறைவான ஓரத்தில் தின்னர் தோய்த்த துணியால் தேய்த்துப் பார்ப்பார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் லாக்கர் கரைந்து துணியில் ஒட்டும். சூட்டில் இறுகிய எனாமல் அவ்வளவு லேசில் அசையாது.

சரி, லாக்கரைத் தமிழில் என்ன சொல்வது? லாக்கர் என்ற சொல்லைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் பாரசீகம் வழியாக ‘லாக்ஷா’ என்ற வடசொல்லில் வந்து நிற்கும். நம் அரக்குதான் அது. பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையின் அரக்கு, தபாலுக்கு முத்திரை வைத்த அரக்கு. டூகோவில் அரக்குப் பூச்சியின் பிசின் துளியும் இல்லையே என்று கேட்கலாம். ஆங்கிலக்காரர்களும் பிசினை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டவர்கள்தானே? ஆகவே ‘அரக்குப்பூச்சு’ என்பதே என் தேர்வு. ஒரே சங்கடம், நம் புடவைக் கடைகளில் அரக்கு என்றால் ஒரு நிறம். ‘நீல அரக்குப்பூச்சு’ என்று எழுதினால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்புறம், ‘ஒரிஜினல் பெயிண்ட்’ என்பதை ‘முதல் பூச்சு’ என்று எழுதுகிறார்கள். பட்டறைக்காரர் காதில் அது பிரைமர், அதாவது அடியில் அடிக்கும் பூச்சு, என்று விழும். ‘ஆலைப்பூச்சு’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. அந்த ஓக்லாண்டில் இருந்தது, ஆலையில் அடித்த அரக்குப்பூச்சு.