பார்பெக்யூ: பரணில் பிறந்த சொல்

தோட்டத்தில் வைத்துச் சமைக்க ஓர் அடுப்பு வாங்க நினைப்பவர் முதலில் சிக்கிக்கொள்வது சொற்களில்தான். பார்பெக்யூ, கிரில், ஸ்மோக்கர், கெட்டில், கமாடோ என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாம் இரும்பும் கரியும்தானே என்று எண்ணி ஒன்றை வாங்கிவிட்டு, அதில் ஆகாத சமையலை அதில் செய்து பார்த்து வருந்துகிறவர்கள் பலர். இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி வேலையைக் குறிக்கின்றன. அவற்றின் பிறப்பையும் அவற்றுக்கு நேரான தமிழையும் தெரிந்துகொண்டால் அடுப்பைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிவிடும்.

கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல்லை ஸ்பானியர்கள் 'பார்பகோவா' என்று எழுதிக்கொண்டார்கள். அதுவே ஆங்கிலம் வழியாக நமக்குப் பார்பெக்யூ ஆயிற்று. அந்தச் சொல்லுக்கு முதலில் இறைச்சியோடு எந்தக் கட்டாயத் தொடர்பும் இல்லை. கால்கள் நட்டு, அவற்றின்மேல் குச்சிகளைப் பரப்பிக் கட்டிய மேடைக்கே அந்தப் பெயர். 1526-இல் ஒவியேதோ என்ற ஸ்பானிய வரலாற்றாசிரியர் எழுதியதைப் படித்தபோது நான் வியந்துபோனேன். மக்காச்சோளக் கொல்லையில் கிளிகள் இறங்காமலிருக்க, சிறுவர்கள் மேடையேறி நின்று கூவி விரட்டுவார்கள் என்றும், அந்த மேடையைப் பார்பகோவா என்பார்கள் என்றும் அவர் குறிக்கிறார். 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் குச்சிகளால் கட்டிய பார்பெக்யூவின்மேல் இரவு படுத்துறங்கியதைச் சொல்கிறார்.

கிளி விரட்டவும் ஆகும், படுக்கவும் ஆகும், பொருள்களை உயரத்தில் வைக்கவும் ஆகும். தமிழ் அறிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இதுதான் பரண். தினைப்புனத்தில் கிளி கடியக் கட்டியதும் பரண், வீட்டுக்குள் சாமான் ஏற்றி வைப்பதும் பரண். பழந்தமிழில் இதற்கு இதணம் என்றும் பெயருண்டு. ஒன்றையொன்று அறியாத இரண்டு மக்கள், ஒரே அமைப்புக்கு ஒரே மாதிரியான பயன்களைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 'பரண்' என்பதற்கும் 'பார்ப' என்பதற்கும் ஒலி ஒத்திருக்கிறது என்று பிடித்துக்கொண்டு, பார்பெக்யூ தமிழிலிருந்து போனது என்று சொல்லிவிடக் கூடாது. பொருள் ஒன்று, வேர் வேறு. பிரெஞ்சில் 'தாடி முதல் வால் வரை' என்று பொருள்படும் தொடரிலிருந்து இச்சொல் பிறந்தது என்பாரும் உண்டு. அதுவும் ஒலியை மட்டும் நம்பிக் கட்டிய கதைதான்.

அந்தப் பரணின் கீழே சிறு நெருப்பை இட்டு, மேலே இறைச்சியையோ மீனையோ பரப்பினார்கள். உயரத்தில் இருப்பதால் சுவாலை தீண்டாது. புகையும் இளஞ்சூடும் நெடுநேரம் மேலேறிக்கொண்டே இருக்கும், ஈ அண்டாது, இறைச்சி கெடாது. தென்னமெரிக்கத் துப்பி மக்களிடமும் இதே போன்ற பரண் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'புக்கான்' என்றார்கள். இஸ்பானியோலாத் தீவில் அப்படி இறைச்சியைப் புகையூட்டித் திரிந்த வேட்டைக்காரர்களுக்கு வந்த பெயர்தான் பிற்காலத்தில் கடற்கொள்ளையரைக் குறிக்கும் 'புக்கனியர்' ஆனது. ஆக, பார்பெக்யூ என்ற சொல்லின் உயிர் நெருப்புக்கும் உணவுக்கும் நடுவே இருக்கும் தூரத்தில் இருக்கிறது. அடுப்பு வாங்குகிறவர் இந்தத் தூரத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'கிரில்' வேறு வழியாக வந்தது. லத்தீனில் 'கிராத்திஸ்' என்றால் பின்னிய தட்டி, படல். அதில் சிறியதைக் குறிக்கும் சொல்லான 'கிராத்திகுலா' பிரெஞ்சில் 'கிரில்' ஆகி, நெருப்பின்மேல் வைக்கும் கம்பித் தட்டைக் குறித்தது. ஜன்னல் கம்பிக்கும் நாம் கிரில் என்கிறோமே, அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நான் மிகவும் விரும்பும் செய்தி இதற்குப் பின்னால் இருக்கிறது. அதே லத்தீன் வேர் போர்ச்சுகீசியத்தில் 'கிராதெ' ஆகி, அவர்களோடு கடல் கடந்து வந்து, தமிழில் 'கிராதி' என்று குடியேறிவிட்டது. குறுக்கும் நெடுக்குமான கம்பி அடைப்பைக் கிராதி என்கிறோம். உணவு வைத்துச் சுடும் கம்பித் தட்டுக்கு இனி யாரும் புதுச்சொல் தேட வேண்டாம். கிராதி என்றே சொல்லலாம். அதன்மேல் வைத்துச் சுடும் அடுப்பு கிராதி அடுப்பு.

சமையற்கலை பேசும் இடத்தில் இவ்விரு சொற்களும் நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதுதான் பெருங்குழப்பம். அமெரிக்காவில், குறிப்பாக அதன் தெற்கு மாநிலங்களில், பார்பெக்யூ என்றால் மரப்புகையில் மணிக்கணக்கில் மெல்ல வேகவைப்பது. நேரே கனலின்மேல் சுடுவதை அவர்கள் கிரில் என்பார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வெளியில் நெருப்பின்மேல் சுடுவதே பார்பெக்யூ. பிரிட்டனில் கிரில் என்றால் சூடு மேலிருந்து இறங்கும் சமையலறைக் கருவி. ஒரு செய்முறையைப் படிக்கும்போது அதை எழுதியவர் எந்த நாட்டவர் என்று பார்க்காவிட்டால் உணவு கரிந்துவிடும்.

தமிழ் வினைச்சொற்களில் இந்தக் குழப்பம் இல்லை. நெருப்பை நேரே காட்டி வேகவைப்பது சுடுதல். பொருநராற்றுப்படையில் வரும் 'காழின் சுட்ட கோழூன்' என்பது கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி. இரும்புக் கம்பியாகிய அந்தக் 'காழ்' இன்றும் கோத்துச் சுடும் கம்பிக்கு அழகாகப் பொருந்தும். மேலோட்டமாக அனல் காட்டி நீர்ப்பதத்தைக் குறைப்பது வாட்டுதல். புகையில் நெடுநேரம் வைத்து மணமும் பதமும் ஏற்றுவது புகையூட்டுதல். ஸ்மோக்கர் என்பதைப் 'புகைப்பான்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது பீடி சிகரெட்டை நினைவூட்டுகிறது. 'புகைபோக்கி' ஏற்கெனவே வேறொன்றின் பெயர். புகையூட்டி என்பதே என் தேர்வு. பார்பெக்யூ என்ற சொல்லை மட்டும், நண்பர்கள் கூடிச் சமைத்துண்ணும் நிகழ்வின் பெயராக அப்படியே வைத்துக்கொள்ளலாம். வினைக்கு அது வேண்டாம். 'பார்பெக்யூ செய்தேன்' என்றால் சுட்டாரா, புகையூட்டினாரா என்று தெரிவதில்லை.

இப்போது அடுப்புக்கு வருவோம். நான் சுடப் போகிறேனா, புகையூட்டப் போகிறேனா என்பதே வாங்குகிறவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி. மெல்லிய துண்டுகள், மீன், காய்கறி ஆகியவற்றைச் சுடுவதற்கு 230 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட கடுஞ்சூடு வேண்டும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இதற்குக் கரி அடுப்பும் போதும், எரிவாயு அடுப்பும் போதும். எரிவாயுவில் சூட்டைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம், சாம்பல் அள்ள வேண்டியதில்லை. ஆனால் புகைமணம் மிகக் குறைவு. தடித்த, நார் மிகுந்த இறைச்சிக்குப் புகையூட்டிதான் சரி. 110 முதல் 135 டிகிரி வரையிலான இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் இருந்தால்தான் அதிலுள்ள கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் கரைந்து குழைவாகும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் நார் இறுகிவிடும்.

புகையூட்டிகளில் பக்கவாட்டில் தனி நெருப்புப் பெட்டி வைத்த வகை பழைய பரணுக்கு மிக நெருங்கியது. நெருப்பு ஓரிடம், உணவு ஓரிடம். ஆனால் அதன் தகடு மெல்லியதாக இருந்தால் சூடு நிற்காது, இடுக்குகளில் புகை கசியும், நாள் முழுவதும் அருகிலேயே நின்று விறகு தள்ள வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று மெல்லிய தகட்டில் செய்ததை வாங்குவதைவிட, அதே பணத்துக்கு நல்ல கெட்டில் வாங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து. 1952-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தாம் வேலை செய்த உலோகப் பட்டறையில் உருவான கடல் மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டிக் காலும் மூடியும் காற்றுத் துளையும் வைத்துச் செய்த அடுப்பு அது. கரியை முழுதும் பரப்பினால் அதில் சுடலாம். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, உணவை மறுபக்கம் வைத்து, மூடி, துளைகளைச் சுருக்கினால் அதுவே புகையூட்டி. கீழ்த் துளை காற்றை உள்ளே விடும், மேல் துளை புகையை வெளியே விடும். சூட்டைக் கீழ்த் துளையாலேயே ஆள வேண்டும். மேல் துளையை முழுதும் அடைத்தால் புகை தேங்கி உணவு கசக்கும். மெல்லிய நீலப்புகை நல்லது, அடர்ந்த வெண்புகை நெருப்புக்குக் காற்று போதவில்லை என்பதற்கு அடையாளம். மூடியில் பதித்த வெப்பமானி மூடியருகே உள்ள சூட்டைக் காட்டுமே தவிர, கிராதியின் மட்டத்தில் உள்ளதைக் காட்டாது. ஆகவே தனியாக ஒரு வெப்பமானி அவசியம்.

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் அடுப்பு, தானே சூட்டைக் காத்துக்கொள்ளும். ஆனால் மின்சாரம் இல்லாமல் இயங்காது. கமாடோ என்பது ஜப்பானிய மொழியில் அடுப்பு என்றே பொருள்படும். தடித்த பீங்கான் சுவர் சூட்டை நெடுநேரம் பிடித்து வைப்பதால் கரி குறைவாகச் செலவாகும். எடை மிகுதி, கீழே விழுந்தால் உடையும்.

கடைசியாக ஹிபாச்சி. ஜப்பானிய மொழியில் 'ஹி' நெருப்பு, 'ஹாச்சி' கலம். ஜப்பானில் அது அறையில் குளிர்காயக் கனல் இட்டு வைக்கும் கலம். தமிழில் அதற்கு நேரான சொல் கணப்பு. வெளிநாடுகளில் ஹிபாச்சி என்று விற்கும் சிறிய கரி அடுப்புக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் ஷிச்சிரின். தமிழில் அது குமுட்டி அடுப்பு. இருவர் மூவருக்குச் சுட அதுவே போதும். கணப்பை ஒத்த பெயரோடு விற்கிறது என்பதற்காக அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கக் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.