கடகம் நிறைய ஒன்று குறை

கொக்குவிலில் தரம் 11 படிக்கும் பிள்ளை ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "சேர், 4294967297 முதன்மை எண்ணோ இல்லையோ எண்டு கல்குலேற்றர் இல்லாமல் சொல்லேலுமோ?"

சொல்லலாம். கைத்தொலைபேசி இலக்கமளவு நீளமான இந்த எண், 2 இன் 32ஆம் வலுவோடு 1 சேர்ந்தது. 2ஐ 1, 2, 4, 8, 16 என்று வலுவேற்றி ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே முதன்மை எண்கள். வரிசை முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று 1640இல் பிரெஞ்சுக் கணிதர் பெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதர் ஒயிலர் ஆறாவதான நம் எண்ணையே உடைத்துவிட்டார்: 641 × 6700417.

பெருக்கினால் சரி வரும். ஆனால் அந்தப் பத்து இலக்கங்களையும் எழுதாமலே 641ஐப் பிடிக்கப் பின்வந்தவர்கள் கண்ட வழிதான் எனக்கு உயிர்.

641 பனங்கட்டிக் குட்டான் கொள்ளும் கடகம் ஒன்றை நினையுங்கள். 640 அடுக்கிவிட்டோம். கடகம் நிறைய ஒன்று குறை. அந்தக் குறையை −1 என்ற மீதியாக எழுதுவோம். 640 என்பது 5 × 2⁷. ஆகவே 5 × 2⁷ இன் மீதி −1. எண்களைப் பெருக்கினால் மீதிகளும் கூடவே பெருகும். அதை நான்காம் வலுவுக்கு ஏற்றினால் −1 என்பது 1 ஆகிறது. 5⁴ × 2²⁸ இன் மீதி 1.

இனி அதே கடகத்தை வேறு விதமாக அடுக்குவோம். 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. 625 குட்டான் வைத்தால் 16 குறை. எனவே மீதிக் கணக்கில் 5⁴ நிற்கும் இடத்தில் −2⁴ஐ வைக்கலாம். வைத்துப் பாருங்கள்: 2⁴உம் 2²⁸உம் சேர்ந்து 2³² ஆகிறது, −2³² இன் மீதி 1. அப்படியானால் 2³² குட்டான்களைக் கடகம் கடகமாக அடுக்கினால், கடைசிக் கடகம் நிறைய ஒன்றுதான் குறை. அந்த ஒன்றைச் சேர்த்ததுதான் நம் எண்; ஆகவே அது 641ஆல் மீதியின்றி வகுபடும், முதன்மை எண் அல்ல. எத்தனை தரம் கரும்பலகையில் எழுதினாலும் இந்த இடத்தில் என் கை ஒரு கணம் நிற்கும்.

வாகன இலக்கத்துக்குக் கூட்டெண் பார்ப்பவர்களும் மீதிதான் பார்க்கிறார்கள். இந்த எண்ணுக்கு 59, பிறகு 14, பிறகு 5. 9ஆல் வகுத்தால் 5 மிஞ்சும், அதற்கு மேல் அந்த 5இல் ஒன்றுமில்லை. இதை நம்பிக் கலியாண நாளையே மாற்றுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வேதனை. கூட்டெண் ஏன் 9ஆல் வரும் மீதியாகிறது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே காட்டிக்கொடுக்க வேண்டும்.

65537க்குப் பிறகு அந்த வரிசையில் இன்னொரு முதன்மை எண் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

6700417 இன்னும் உடையுமா என்று பார்க்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். நம் எண்ணின் முதன்மைக் காரணி எதுவும் 64 இன் மடங்கோடு 1 சேர்ந்ததாகத்தான் இருக்கும். 6700417 இன் வர்க்கமூலம் 2588ஐச் சற்றே தாண்டும், அதனால் 2588க்கு மேல் தேடவும் தேவையில்லை. நாற்பது வகுத்தலுக்குள் அவளுக்கு விடை தெரிந்துவிடும்.