வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடும் எக்ஸ்ரே

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே குறைந்த ஆற்றலில் எடுக்கப்படும் எக்ஸ்ரே. கொழுப்பு எக்ஸ்ரேயை எளிதாக உள்ளே விட்டுவிடும்; அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பித் திசு வெள்ளையாக விழும். சிக்கல் என்னவென்றால், கட்டியும் வெள்ளைதான். சுரப்பித் திசு அதிகமுள்ள, அதாவது அடர்த்தியான மார்பகத்தில் கட்டியைத் தேடுவது வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடுகிற வேலை.

பிலிம் காலத்தில் எக்ஸ்ரேயைப் பதிவு செய்வது, டாக்டருக்குக் காட்டுவது, பிறகு பத்திரமாக இருப்பது என மூன்று வேலையும் ஒரே பிலிம்தான் செய்தது. கழுவி எடுத்துவிட்டால் அவ்வளவுதான், அதில் எதையும் மாற்ற முடியாது. எக்ஸ்ரே குறைவாகப் பட்ட பகுதி வெளுத்து, நுணுக்கமெல்லாம் மறைந்துவிடும். அடர்த்தியான திசு மாட்டிக்கொள்வது அந்த வெளுத்த பகுதியில்தான்.

டிஜிட்டல் கருவியில் பிலிமுக்குப் பதில் ஓர் உணரித் தகடு. சில கருவிகளில் செலினியம் படலம் எக்ஸ்ரேயை நேரடியாக மின்னூட்டமாக மாற்றுகிறது. வேறு சிலவற்றில் சீசியம் அயோடைடு முதலில் அதை ஒளியாக்க, அடியிலுள்ள சிலிக்கான் அடுக்கு மின்சாரமாக்குகிறது. எப்படியோ, கடைசியில் 0.1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான சாம்பல் படிகள் அந்த எண்களில் அடங்கும். டாக்டர் திரையில் வெளுத்த பகுதிக்கு மட்டும் கறுப்பு-வெள்ளை மாறுபாட்டைக் கூட்டிப் பார்க்கலாம், பெரிதாக்கலாம். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய கால்சியத் துகள்கள் ஓரிடத்தில் கூட்டமாக இருக்கின்றனவா என்று தேடும்போது இது பெரிய உதவி. அவை பெரும்பாலும் தீங்கற்றவை; சில நேரம் ஆரம்பநிலைப் புற்றுநோயின் தடயம்.

அதற்காக டிஜிட்டல் என்றாலே எல்லோருக்கும் உசத்தி என்பது விளம்பரப் பேச்சு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 49,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரண்டு முறையிலும் படம் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் சமம். 50 வயதுக்குக் கீழிருப்பவர்கள், அடர்த்தியான மார்பகம் கொண்டவர்கள், மாதவிடாய் இன்னும் நிற்காதவர்கள் ஆகியோரிடம்தான் டிஜிட்டல் தெளிவாக முந்தியது. கதிர்வீச்சும் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

பரிசோதனைக்குப் போகிறவருக்கு வேறு வசதிகளும் உண்டு. படம் சில நொடிகளில் திரைக்கு வந்துவிடும். அசைந்து மங்கியிருந்தால் அங்கேயே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், வேறு ஊர் டாக்டருக்கும் அனுப்பலாம்.

மாறாதது அந்த அழுத்தம்தான். மார்பகத்தைத் தட்டையாக அழுத்தினால்தான் திசு விரிந்து தெரியும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும். வலி பயமிருந்தால், மாதவிடாய் முடிந்த வாரத்தில் தேதி வாங்குங்கள். பொதுவாக அப்போது மார்பகத்தில் வலியுணர்வு குறைவு.