அடிமை மீட்பா, அடிமை விடுதலையா?

ஹூஸ்டனில் நான் போகும் தமிழ் ஆராதனையில், ஜூன் மூன்றாம் ஞாயிறன்று ஜூன்டீன்த் (டெக்சாஸில் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்ட ஜூன் 19) நினைவாகச் சில படங்களைத் திரையில் காட்டுவார்கள். தந்தையர் தின வாழ்த்துக்கு அடுத்த படமாக அறுந்த சங்கிலி, பின்னால் சூரியோதயம், அதன்மேல் பொன்னிற எழுத்தில் ‘அடிமை மீட்பு நாள்’. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வருடம் முடியவில்லை.

அந்த நாளுக்கான ஆங்கில மூலச்சொல் எமான்சிபேஷன். லத்தீனில் ‘மானுஸ்’ கை, ‘காபெரே’ பற்றுதல்; கையால் பற்றிய உடைமை ‘மான்சிபியம்’. அடிமைக்கும் அதே பெயர்தான். அந்தப் பிடியிலிருந்து வெளியே விடுவதே எமான்சிபேஷன். ரோமச் சட்டத்தில் தகப்பன் தன் அதிகாரத்திலிருந்து மகனை விடுவிப்பதையும் இப்படித்தான் சொன்னார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கைவிடுதல்’ என்று வரும். ‘கைவிடாத தேவன்’ என்று பாடும் சபையில் அதைத் திரையில் போட முடியாது! ‘விடு’ மட்டும் நமக்குப் போதும்: விடுதலை.

மீட்பு வேறு கணக்கு. அடகு வைத்த நகையை மீட்கிறோம். பணம் கட்டியாக வேண்டும், பொருள் பழைய சொந்தக்காரரிடம் திரும்பியாக வேண்டும். வெள்ளத்தில் மீட்புப் படை வருகிறதே என்பீர்கள். படகில் வந்து தூக்குகிறவர் வெள்ளத்தை உண்டாக்கியவர் அல்லவே. இங்கே அடிமை முறையைக் காத்து நின்றதும் சட்டம், பிடியை விட்டதும் சட்டம்.

1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் வடக்குப் படையின் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சரின் மூன்றாம் எண் ஆணை, அடிமைகள் அனைவரும் சுதந்திரர் என்று அறிவித்தது. அதிபர் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் வந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. டெக்சாஸில் அப்போது சுமார் இரண்டரை லட்சம் அடிமைகள். எசமானர்களுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்த இடங்களும் உண்டு: 1862 ஏப்ரல் சட்டப்படி வாஷிங்டன் நகரத்தில் ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை, 1833 சட்டப்படி பிரிட்டன் 2 கோடி பவுண்டு. அவற்றை வேண்டுமானால் மீட்பு என்று எழுதுங்கள். பணம் எசமானர் கைக்குப் போனது என்பதையும் கூடவே எழுதுங்கள்.

படங்களைத் தயாரிக்கும் தம்பி விடவில்லை. “அண்ணா, யாத்திராகமம் 6:6இல் ‘மீட்டு’ என்றுதானே இருக்கிறது?” என்றார். இருக்கிறது. ஆனால் அங்கே பேசுகிறவர் கர்த்தர். அந்த இடத்து எபிரெயச் சொல் ‘காஅல்’. விலைப்பட்டுப்போனவனை நெருங்கிய உறவினன் மீட்டுக்கொள்ளும் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்துச் சொல் அது. தம் ஜனத்தைக் கர்த்தர் மீட்கலாம். கிரேஞ்சர் அந்த மக்களுக்கு எந்த முறை? வேதாகமத் தமிழிலேயே ஊறிய நம் மொழிபெயர்ப்பாளர்கள் மீட்பு, இரட்சிப்பு, விடுதலை மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்குகிறார்கள்; கைக்கு வந்தது திரைக்கு வருகிறது.

சங்கிலிப் படத்தையும் மாற்றச் சொன்னேன். வில்லியம் டோல்மன் கார்ல்டன் 1863இல் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. 1862 டிசம்பர் 31 இரவு, பிரகடனம் நடைமுறைக்கு வரும் நள்ளிரவுக்காகக் கறுப்பின மக்கள் கூடிக் காத்திருக்கிறார்கள். நடுவில் ஒருவர் கையில் கடிகாரம். ஜூன் மாதக் காட்சி அல்லதான். ஆனால் டிசம்பர் 31இல் விழித்திருந்து ஆராதிக்கும் நம் சபைக்கு அதை விளக்கவே வேண்டாம்.

தம்பி நல்ல பிள்ளை, கேட்டுக்கொண்டார். அடுத்த ஜூனில் அதே ஓவியம் திரையில் வந்தது. கடிகாரம் பிடித்தவரின் தலைக்கு மேல், பொன்னிறத்தில், ‘அடிமை ஒழிப்பு நாள்’ என்று எழுதியிருந்தது. கொசு ஒழிப்பு, எலி ஒழிப்பு என்பதைப் போல. ஒழிய வேண்டியது அடிமை முறை. அதுவும் நாடு முழுவதும் சட்டப்படி ஒழிந்தது 1865 டிசம்பரில், அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு. படத்தில் இருந்தவர்களோ மனிதர்கள்.