மழையில் நனைந்த நாய் ஏன் உதறுகிறது?

மே மாதம் தென்மேல் பருவக்காற்று ஏறத் தொடங்கினால் செப்டெம்பர் வரை மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் மூட்டத்துக்குள் கிடக்கும். துணி அடுப்புக்கு மேல் கொடியில் தொங்கும், சப்பாத்து வாசலில் ஊறும், நாய் மட்டும் நாலு தரம் வெளியே போய் நாலு தரமும் நனைந்து வரும். வந்ததும் இஸ்தோப்பில் உதறினால் பிரச்சினையில்லை. அப்படிச் செய்யாது. நேரே காம்பராவுக்குள் நுழைந்து, அப்போதுதான் துடைத்த சீமெந்துத் தரையின் நடுவில் நின்று உதறும். "இந்தாங்க, வெளியவே புடிச்சி நிப்பாட்டச் சொன்னேன்ல?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள்; குட்டை மயிர் ஊர் நாய் ஒன்று, சடை விழுந்த கலப்பு நாய் ஒன்று. பேச்சு வாங்கித் தருவது பெரும்பாலும் சடைநாய்தான்.

நாய் இதை வேண்டுமென்று செய்வதில்லை. உதறல் என்பது தும்மல், இருமல் போல உடம்புக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்ட ஓர் அனிச்சைச் செயல். எலி, பூனை, கரடி என்று மயிருள்ள பாலூட்டிகள் பலவும் ஏறக்குறைய இதே மாதிரித்தான் உதறுகின்றன. அதைத் தூண்டுவது எது என்பது அண்மையில்தான் தெளிவாகியது. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் டேவிட் கின்டியின் ஆய்வுக்கூடம் எலிகளின் பிடரியில் எண்ணெய்த் துளிகளை விட்டுப் பார்த்தது. துளி விழுந்த சில செக்கன்களில் எலி உதறியது. மயிர்க்கால்களைச் சுற்றி ஓடும் மிக மெல்லிய நரம்பிழைகள் சில இருக்கின்றன. மயிர் இலேசாக வளைந்தாலே அவை விழித்துக்கொள்ளும். அந்த நரம்புகளிலிருந்து முள்ளந்தண்டு வழியாக மூளைக்குப் போகும் செய்திதான் உதறலைக் கிளப்புகிறது. அவற்றைச் செயலிழக்கச் செய்த எலிகளில் உதறல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. 2024இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளிவந்தது.

இந்த நரம்புகள் அசைவை உணர உதவுவது பீசோ2 என்ற புரதம். அந்தப் புரதக் குடும்பத்தைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இதே வகை நரம்பிழைகள் மனிதத் தோலிலும் உண்டு. நம்மில் அவை மெதுவாகத் தடவிக் கொடுக்கும்போது வரும் இதமான உணர்வோடு சம்பந்தப்பட்டவை. நாம் நனைந்தால் உதறுவதில்லை, துவாயைத் தேடுகிறோம்.

சரி, ஏன் வீட்டுக்குள் வந்து? என் கணிப்பு இது: மழைக்குள் நிற்கும்வரை உதறிப் பயனில்லை, உதறிய இடத்தில் உடனே அடுத்த துளி விழும். கூரைக்குக் கீழே வந்து புதுத்துளி விழுவது நின்ற பிறகு உதறினால்தான் இலாபம். நாய்க்குக் கூரை தொடங்கும் இடம் இஸ்தோப்பு. ஆனால் சாரல் அடிக்கும் காலத்தில் இஸ்தோப்பும் பாதி வெளிதான். அதனால்தான் காம்பராவின் நடு.

உதறலின் பொறிமுறையை முதன்முதலாக நன்றாக அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரூ டிக்கர்சன், டேவிட் ஹூ முதலியோர். விலங்குகளை நனைத்து, அதிவேகக் கமராவில் படம் பிடித்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுண்டெலி செக்கனுக்கு ஏறத்தாழ 30 தடவை உதறுகிறது. லாப்ரடோர் அளவு நாய் நாலரைத் தடவை. கரடி நாலு தடவை. உடம்பு சிறுக்கச் சிறுக்க வேகம் கூடுகிறது. காரணம் எளிமையானது. நீர்த்துளியை மயிரோடு ஒட்டி வைத்திருப்பது மேற்பரப்பு இழுவிசை. அது எலிக்கும் கரடிக்கும் ஒன்றுதான். துளியைப் பிய்த்தெறிய வேண்டிய மையவிலக்கு விசை மட்டும் உடம்பின் ஆரையையும் சுழற்சி வேகத்தையும் பொறுத்தது. ஆரை குறைந்தால் வேகத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. நாயின் முதுகெலும்பு இருபக்கமும் அதிகம் முறுகாது. உதறும்போது பக்கத்துக்கு 30 பாகை அளவுதான் திரும்புகிறது. ஆனால் அதன் மேல் இருக்கும் தோல் பக்கத்துக்கு 90 பாகை வரை போகிறது. நாயின் பிடரித் தோலைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தசையோடு இறுக ஒட்டியிருக்காது, கையோடு வரும். எலும்பு ஒரு பக்கம் திரும்பி நின்று மறுபக்கம் போகத் தொடங்கும்போது, தளர்ந்த தோல் இன்னும் பழைய பக்கமே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஒரே வீச்சில் திரும்பி வரும். ஒரே நேரத்தில் மூன்று மடங்கு தூரம் போக வேண்டுமென்றால் மூன்று மடங்கு வேகம் வேண்டும். மையநாட்ட ஆர்முடுகல், அதாவது சுற்றும் பொருளை மையத்தை நோக்கித் திருப்பும் வேகமாற்றம், வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் துளியின் மேல் விழும் விசை ஒன்பது மடங்காகிறது. நீங்களே கணக்குப் போடலாம்: 12 சென்ரிமீட்டர் ஆரையுள்ள நாய், செக்கனுக்கு நாலரை உதறல், பக்கத்துக்கு 90 பாகை என்று வைத்தால், வீச்சின் நடுவில் வரும் ஆர்முடுகல் புவியீர்ப்பைப்போல் 24 மடங்கு. கமராவில் பல விலங்குகளை அளந்தபோது கிடைத்ததும் 10 முதல் 70 மடங்கு வரைதான். அந்த வேகத்தில் கண்ணுக்கும் காதுக்கும் அடி விழும் என்பதால் நாய் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். உதறல் தலையில் தொடங்கி, முதுகு வழியாக ஓடி, வாலில் முடியும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பிடிக்காமல் போன ஒன்று உண்டு. நுவரெலியாக் குளிருக்கு நாய்க்கு இறுக்கமான கம்பளிச் சட்டை போட்டு அப்படியே மழையில் விடுவது. உள்ளே ஈரம் இறங்கிவிடும். தோல் சுழல இடமிருக்காது. உதறினால் சட்டைதான் ஆடும். சட்டை போடுவதென்றால் வீட்டுக்குள், காய்ந்த நாய்க்குப் போடுங்கள்.

நல்ல உதறல் ஒன்று நாலே செக்கனில் மயிரிலுள்ள தண்ணீரில் 70 சதவீதம் அளவைக் கழற்றிவிடும். இவ்வளவு பாடுபட்டு ஏன் கழற்ற வேண்டும், தானாகக் காயட்டுமே என்று கேட்கலாம். தானாகக் காய்வதற்கு யாரோ விலை கொடுக்க வேண்டும். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. 27 கிலோ நாய் நன்றாக நனைந்தால் அரைக்கிலோ தண்ணீரைச் சுமந்து நிற்கும். அதை முழுதாக உடம்புச் சூட்டாலேயே காயவைப்பதென்றால் 290 கிலோகலோரி, அதாவது அதன் நாள் உணவில் ஐந்தில் ஒரு பங்கு. மீந்த சோறும் ரொட்டித் துண்டும் சாப்பிட்டு வாழும் தோட்டத்து நாய்க்கு அது சின்னக் கணக்கல்ல. உதறிவிட்டால் மீதி 150 கிராம்தான். செலவும் 90 கிலோகலோரிக்குள் அடங்கிவிடும்.

மலையகத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு, அது வெப்பநிலையோடு மாறும். 30 பாகைச் செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் 13 கிராம்தான். மூட்டம் இறங்கிய நாளில் அந்த 13 கிராமும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: தொழிற்சாலையில் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்றடித்து வாட்டும்போது, அடைமழை நாளில் வெறுங்காற்று வேலைக்கு ஆகாது, சூடேற்றிய காற்றைத்தான் விடுவார்கள். நாயும் அதையே செய்கிறது. அதன் உடம்பு 38, 39 பாகையில் இருப்பதால் மயிருக்குள் இருக்கும் காற்று சூடாகி, கொஞ்சம் கொஞ்சமாக நீராவியை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தச் சூட்டுக்கு விறகு நாயின் உடம்புதான்.

அதைவிட மோசமானது, நனைந்த மயிர் போர்வையாக வேலை செய்யாது என்பது. மயிர் குளிரைத் தடுப்பது தன் இழைகளால் அல்ல, இழைகளுக்கிடையே பிடித்து வைத்திருக்கும் அசையாத காற்றால். நனைந்தவுடன் இழைகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும், காற்று வெளியேறும், அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு. அங்கே இரவு முழுதும் ஈரத்தோடு சுருண்டு கிடக்கும் குட்டியோ கிழட்டு நாயோ விறைத்துப்போவதற்கு உறைபனி தேவையில்லை.

ஒரே மலைநாட்டுக்குள் இது எப்படி மாறுகிறது என்பது வேடிக்கை. ஜூலையில் ஹட்டனில் நாய் காயாமல் கிடக்கும்போது பண்டாரவளையில் அதே அளவு நாய் சீக்கிரம் காய்ந்துவிடும். பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது ஈரத்தைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகி உலர்ந்துவிடுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவதும் இந்த உலர்காற்றால்தான். பதுளையில் இருக்கும் சொந்தக்காரர் "எங்க நாய் அப்படியொண்ணும் நாத்தம் அடிக்காதே" என்றால் நம்பலாம். அவர்கள் பக்கம் மழை கொட்டும் ஒக்டோபருக்குப் பிறகு கேட்டுப் பாருங்கள்.

அந்த நாற்றத்துக்கு வருவோம். காய்ந்த நாயிலும் அது இருக்கிறது, நம் மூக்குக்கு எட்டுவதில்லை, அவ்வளவுதான். நாயின் தோலிலும் மயிரிலும் பற்றீரியாக்களும் மதுவங்களும் வாழ்கின்றன. தோலில் ஊறும் எண்ணெயையும் உதிரும் செதிலையும் தின்று, எளிதில் ஆவியாகும் சேர்வைகளை அவை வெளிவிடும். அவை மயிரிழையில் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு அவற்றைத் தள்ளிவிடும். ஈரம் ஆவியாகும்போது அவையும் சேர்ந்து கிளம்பும். ஆய்வுக்கூடத்தில் நாய் மயிரை நனைத்து, மேலெழும் வாயுவைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வாதுமை வாசம் கொண்ட பென்சல்டிஹைட், மருந்து வாடை பீனோல், மலவாடை அடிக்கும் கிரிசோல், அழுகல் வாடைக் கந்தகச் சேர்வைகள் எல்லாம் அதில் இருந்தன. நாய் அடுப்போரம் போய்ப் படுத்தால் வாடை திடீரென்று கூடுவதும் இதனால்தான். சூட்டில் எல்லாம் வேகமாக ஆவியாகிறது.

இதில் கணவன் மனைவிக்குள் வரும் வழக்கு ஒன்று உண்டு. வீட்டுக்குள் இருந்தவர் "ஒண்ணும் நாறலையே" என்பார், வெளியிலிருந்து வந்தவர் மூக்கைப் பொத்துவார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். ஒரே வாடை தொடர்ந்து பட்டால் மூக்கின் உணர்கலங்களும் மூளையும் சில நிமிடங்களில் அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கடைசியாக வீட்டுக்குள் வந்தவரே. எங்கள் வீட்டில் அநேகமாக அது நானில்லை.

அட்டை மட்டும் இந்த உதறலுக்கு மசியாது. துளியை ஒட்டி வைத்திருப்பது மேற்பரப்பு இழுவிசை, அட்டையை ஒட்டி வைத்திருப்பது இரண்டு முனையிலும் உள்ள உறிஞ்சுவாய். புல்லுக்குள் போய்வந்த நாயின் விரலிடுக்கையும் காதோரத்தையும் கையால்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் துடைக்கும் விதம். முதலில் இஸ்தோப்பிலேயே நிறுத்தி, சாரல் படாத மூலையில், நாயை இரண்டு மூன்று தரம் உதற விடுங்கள். பிடித்து அமுக்கினால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். உதறல் கழற்றாத மீதி, சடையின் அடிமயிரில் தோலை ஒட்டி இருக்கும். துவாயால் மேலே தேய்த்தால் அது வராது, சடைதான் இன்னும் சிக்கும். பழைய பருத்திச் சாரத்தை வைத்து அமுக்கிப் பிடித்தால் மயிர்த்துளைத் தன்மையால் துணி நீரை இழுத்துக்கொள்ளும். இரண்டு சாரம் ஈரமானால் போதும். வயிறு, தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களை மறக்க வேண்டாம். மழைக்காலம் முழுதும் வாரா வாரம் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டுவது உதவாது. தோலின் எண்ணெய் போய்விட்டால் மயிர் தண்ணீரை இன்னும் அதிகமாகக் குடிக்கும். எங்கள் ஊர் நாய்க்கு இதில் பாதி வேலை கூட இல்லை. குட்டை மயிர், ஒரு உதறல், முடிந்தது.

நனையாமலும் நாய் உதறும். தூங்கி எழுந்து ஒரு தரம், வேறு நாயோடு உறுமி முடித்து ஒரு தரம் உதறினால் கவலைப்பட எதுவுமில்லை. ஆனால் உடம்பை விட்டுவிட்டுத் தலையை மட்டும் திரும்பத் திரும்ப உதறினால், காதைச் சொறிந்தால், காதுக்குள்ளிருந்து புளித்த வாடை வந்தால் அது மழைநீர் அல்ல. ஈரம் தங்கிய காதில் மதுவமோ பற்றீரியாவோ பெருகியிருக்கும். தொங்கு காது நாய்களுக்கு இது அதிகம். விட்டால் உதறிய வேகத்தில் காது மடலுக்குள் இரத்தக்குழாய் உடைந்து மடல் வீங்கிவிடும். அப்படியிருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அவர் பார்ப்பதற்கு முன்பு காதுக்குள் பஞ்சுக் குச்சியும் விடக்கூடாது, எண்ணெயும் ஊற்றக்கூடாது. செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று அவர் முதலில் பார்க்க வேண்டும்.