மோட்டார் பைத்தியம் பிடித்த பையனை என்ன செய்வது?

"படிப்பு மண்டையில ஏறலண்ணே. மோட்டார்னா மட்டும் உயிரு. நீங்களே ஒங்க கடையில வச்சுக்குங்க." மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு ஒவ்வோர் ஆண்டும் என் பட்டறை வாசலில் கேட்கும் வாசகம் இது. சொல்பவர் பெரும்பாலும் அம்மா. பையன் இரண்டடி தள்ளி நின்று, மூலையில் கிடக்கும் பழைய யமஹா ஆர்.எக்ஸ்.இசட். மோட்டார் சைக்கிள் டேங்கையே பார்த்துக்கொண்டிருப்பான்.

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைக்கு மோட்டார் ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். பஸ் வராத செம்மண் சாலைகள். வேலை, ஆஸ்பத்திரி, தமிழ்ப்பள்ளி, கோவில் திருவிழா எல்லாவற்றுக்கும் கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிள்தான். அப்பா ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகும் ஹோண்டா சி70-இன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுத்ததில்தான் என் தொழிலும் தொடங்கியது. ஆகவே அந்த அம்மாவிடம் நான் முதலில் சொல்வது, இந்த ஆசையைத் திட்டி அடக்காதீர்கள் என்பதுதான். 1958-இல் ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த லோ பூன் சியூ யார்? ஹைனானிலிருந்து சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, பஸ் கழுவி, பட்டறையில் எடுபிடி வேலை பார்த்து மேலே வந்தவர்.

இதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலரும். அந்த மலர்ச்சி அடங்குவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிடுவேன். கைத்திறமையை மட்டும் நம்பி இறங்கும் காலம் போய்விட்டது. சான்றிதழும் மின்சார அறிவும் இல்லாமல் இன்று பட்டறையில் சேருகிறவன் ஐம்பது வயதிலும் டியூப் மாற்றிக்கொண்டுதான் இருப்பான்.

ஏன் என்று விளக்குகிறேன். பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5 ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதுவோம், பிளக்கைத் துடைப்போம், வால்வு இடைவெளியை 0.05 மில்லிமீட்டருக்கு வைப்போம். பாதி வண்டிகள் அதிலேயே உயிர் பெற்றுவிடும். இப்போது வருவதெல்லாம் கார்புரேட்டர் இல்லாமல், மின்சாரக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். கோளாறு இருந்தால், சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கிக் கோளாறின் எண்ணைச் சொல்லும். ஹோண்டாவில் நீண்ட மினுக்கல் ஒன்றுக்குப் பத்து, குட்டை மினுக்கல் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கு. ஒரு நீட்டல், இரண்டு குட்டை என்றால் 12, அதாவது இன்ஜெக்டர் சர்க்யூட். ஏழு குட்டை என்றால் வெப்ப சென்சார். இதை எண்ணத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. 12 வந்ததும் புது இன்ஜெக்டர் வாங்கிப் போட்டு, அப்போதும் ஓடாமல் என்னிடம் வந்த வண்டி உண்டு. மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் கழற்றிப்போட்ட பழைய இன்ஜெக்டரின் மின்தடை சுமார் 10 ஓம் காட்டியது. அதாவது நல்ல பொருள். சீட்டுக்கு அடியில் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. லயத்து வீட்டுத் திண்ணையில் நிற்கும் வண்டிக்கு எலியைவிடப் பெரிய எதிரி கிடையாது. இரண்டு ரிங்கிட் ஒயரில் முடிய வேண்டிய வேலைக்கு வண்டிக்காரர் இன்ஜெக்டர் விலை கொடுத்திருக்கிறார்.

ஓம் என்றால் என்ன என்று படிவம் 5 இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது. "படிப்பு ஏறல" என்று வந்து நிற்கும் பையனிடம் இதைச் சொன்னால் திருதிருவென்று விழிப்பான். ஒயரிங் படத்தை முன்னால் விரித்து, விரல் வைத்துக் காட்டிச் சொன்னால் அவனுக்கே புரிந்துவிடும். நான் பார்த்தவரையில், மோட்டார் ஆசை உள்ளவனுக்குப் படிப்பு ஏறாமல் இல்லை. படிப்பை யாரும் மோட்டாரில் ஏற்றிக் காட்டவில்லை.

சேர்ப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை வைப்பேன். துருப்பிடித்த பின் சக்கர டிரம் ஒன்றைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். வேகத்தைப் பார்ப்பதில்லை. கழற்றிய நட்டையும் வாஷரையும் ஸ்பேசரையும் எங்கே வைக்கிறான் என்று பார்ப்பேன். தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைக்கிறவனுக்கு மற்றதெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடலாம். பிரித்துவிட்டு, "அண்ணே, ஓட்டிப் பாக்கவா?" என்று கேட்கிறவனுக்கு ஓட்டும் ஆசைதான், பிரிக்கும் ஆசை இல்லை. அவன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் அவனுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். லைசென்ஸ் எடுத்து, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர் ஆகலாம். பந்தய ஆசை உண்மையானதாக இருந்தால் 1994 முதல் கப் பிரிக்ஸ் எனும் கப்சாய்ப் பந்தயத் தொடர் இருக்கிறது. அங்கிருந்து வளர்ந்த ஹஃபிஸ் ஷாரின்தான் 2018-இல் மோட்டோ ஜிபி முதல் பிரிவில் முழுப் பருவமும் ஓட்டிய முதல் மலேசியர். நள்ளிரவில் ஈப்போ சாலையில் சீட்டின்மேல் குப்புறப் படுத்து ஓட்டுவதற்குப் பெயர் பந்தயம் இல்லை.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பி2 எனும் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்க 16 வயது ஆக வேண்டும். தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறான் என்று பதின்மூன்று வயதுப் பையனிடம் சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் நம்மிடையே நிறைய. தோட்டத்துச் சாலை ஒரு கட்டத்தில் பெரிய சாலையில்தான் போய் ஏறும். லைசென்ஸ் இல்லாதவனை ஓட்டவிடும் உரிமையாளரும் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் குற்றவாளிதான். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் மோட்டாரில் போகிறவர்கள். மிரரைக் கழற்றித் தரச் சொல்லியும், சைக்கிள் டயர்போல் மெலிந்த டயர் போடச் சொல்லியும் என் கடைக்கு வராதீர்கள். வாடிக்கையாளர் போனாலும் பரவாயில்லை.

இனி சான்றிதழ் விஷயம். எங்கள் வட்டாரத்தில் ஒரு மூத்த மெக்கானிக் அண்ணன் உண்டு. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே டைமிங் செயின் தளர்ந்ததைச் சொல்லிவிடுவார். ஒரு பெரிய விற்பனை நிலையத்தில் வேலை கேட்டுப் போனபோது, "சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். கடைசியில் பொருள் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. இந்தக் கதை நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழுக்கு மூன்று நிலைகள் உண்டு. அதற்கு மேல் நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, ஜே.பி.கே., இதைத் தருகிறது. முழுநேரமாகப் பயிற்சி மையத்தில் படிக்கலாம், அதற்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யின் கடனுதவி உண்டு. வீட்டில் வருமானம் வேண்டும், உட்கார்ந்து படிக்க முடியாது என்றால் எஸ்.எல்.டி.என். முறையைக் கேளுங்கள். 70 முதல் 80 விழுக்காடு நேரம் வேலையிடத்தில், மீதி வகுப்பில். நம் பிள்ளைகளுக்கு இதுதான் பொருத்தமானது என்பது என் கருத்து. ஏற்கெனவே பல ஆண்டுகள் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் வகுப்புக்கே போக வேண்டாம். பி.பி.டி. என்ற வழியில், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் திறமையைச் சோதித்துப் பார்ப்பார். அந்த அண்ணனுக்கு இதை யாராவது அன்றே சொல்லியிருக்கலாம்.

ஆகவே, பையன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கைப்பேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கழற்றும்போது ஒன்று, பூட்டியபின் ஒன்று, கூடவே தேதியோடு வேலைச்சீட்டு. டிக்டாக்கில் போட எடுக்கும் படங்களில் பாதி இதற்கு எடுத்தால் போதும், கோப்பு நிறைந்துவிடும்.

முதலாளியிடம் பெற்றோர் கேட்க வேண்டியதும் உண்டு. கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள், "தெரிஞ்சவரு, என்ன நெனைப்பாரோ" என்று. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவில் பதிவு செய்வீர்களா என்று நேராகக் கேளுங்கள். ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் முதலாளி பதிவு செய்தாக வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. மோட்டாரில் வேலைக்கு வருகிறவனுக்கு இதைவிட முக்கியமானது எது? சேமநிதியையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

என் கடையில் கண்டிப்பான விதி ஒன்று: கையைப் பெட்ரோலில் கழுவக் கூடாது. கிரீஸ் ஒரே நொடியில் போய்விடும், உண்மைதான். பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும். சவர்க்காரமும் கொஞ்சம் மரத்தூளும் போதும். பிரேக் டிரம்மைக் காற்றடித்து ஊதுவதும் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுகிற பட்டறையில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். அது அரசு அட்டவணையிட்ட அபாயக் கழிவு, குறியீடு எஸ்.டபிள்யூ. 305. அதில் அக்கறை இல்லாதவருக்கு உங்கள் மகனின் நுரையீரலில் மட்டும் அக்கறை இருக்குமா?

சேர வரும் நாளில் பழைய சட்டை இரண்டும் மூடிய காலணியும் போதும். மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஓடும் செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் சிக்கினால் விரல் திரும்பி வராது. கையில் கட்டிய சாமிக் கயிற்றைக் கழற்ற அம்மாவுக்கு மனம் வரவில்லை என்றால், இடுப்பில் கட்டி அனுப்புங்கள்.